லாக்கில் அவர் ஐடி இருக்கிறது என்றால் அவர்தான் மாற்றினாரா?

கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். திருத்துறைப்பூண்டிப் பக்கம் மாப்பிள்ளைச் சம்பா, தூயமல்லி, கருப்புக்கவுனி என்று பாரம்பரிய விதைநெல் விற்கும் குழு உங்களுடையது. உங்கள் வெப்சைட்டின் ஆர்டர் ஃபார்ம் பிளகினில் (தளத்தோடு சேர்த்துப் பொருத்தும் துணை மென்பொருளில்) இருந்த ஈமெயில் முகவரியை யாரோ மாற்றிவிட்டார்கள். 12 நாள் வந்த ஆர்டர்கள் முன்பின் தெரியாத ஒரு ஜிமெயிலுக்குப் போயிருக்கின்றன. அந்த பிளகினின் புதிய அப்டேட் குறிப்பில் சி.எஸ்.ஆர்.எஃப் பாதிப்பு சரிசெய்யப்பட்டதாக ஒரு வரி இருக்கிறது. அது என்ன, பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா, பிளகினையே தூக்கிவிட வேண்டுமா என்று மூன்று கேள்வி கேட்டிருக்கிறீர்கள். ஆனால் நடுவில் இன்னொன்றும் எழுதியிருக்கிறீர்கள். மாற்றம் நடந்தது ஆபீஸ் கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்ளும் பெண்ணின் ஐடியில், ஆபீஸ் இணைய இணைப்பிலிருந்து, காலை 6:10க்கு. ஆபீஸ் சாவி அவரிடம்தான் இருக்கிறது. அவரோ "நான் அதைத் தொடவே இல்லண்ணே" என்கிறார். விஷயம் தெளியும்வரை வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் மனசில் இருக்கும் கேள்வி அந்தப் பெண் பொய் சொல்கிறாரா என்பதுதான் என்று நினைக்கிறேன். அதற்கே முதலில் பதில் எழுதுகிறேன், மற்ற மூன்றும் அதற்குள்ளேயே வந்துவிடும்.

நான் கும்பகோணத்தில் இருந்துகொண்டு 14 வருஷமாக இந்த வட்டாரத்துக் கடைகள், கல்யாண மண்டபங்கள், நவக்கிரகக் கோயில்களுக்கு வண்டி ஏற்பாடு செய்பவர்கள் என்று பலருடைய வேர்ட்பிரஸ் (வெப்சைட் கட்டும் மென்பொருள்) தளங்களைப் பராமரிக்கிறேன். உங்கள் சர்வரை நான் பார்க்கவில்லை. நீங்கள் போட்ட இரண்டு படங்கள்தான் என் கையில் இருக்கின்றன. அவற்றில் தெரிவதை மட்டும் உறுதியாகச் சொல்கிறேன், மற்றவற்றை ஊகம் என்று சொல்லியே எழுதுகிறேன்.

உறுதியான முதல் விஷயம் நேரம். ஹோஸ்டிங் கம்பெனி கொடுத்த லாக்கில், அதாவது தளத்துக்கு வந்த ஒவ்வொரு கோரிக்கையையும் சர்வர் எழுதிவைக்கும் பதிவேட்டில், அந்த வரியில் 6:10 என்ற நேரத்துக்கு ஒட்டினாற்போல் +0000 என்று ஒரு எண் இருக்கிறது, பாருங்கள். அது உலகப் பொது நேரம் என்பதற்கான அடையாளம். இந்திய நேரம் அதைவிட ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. ஆகவே அந்த மாற்றம் நடந்தது காலை 11:40க்கு. அப்போது ஆபீஸ் திறந்திருக்கும், அவர் நாற்காலியில் இருந்திருப்பார், காலையில் ஆர்டர் பார்க்க லாகின் செய்தது அப்படியே இருந்திருக்கும். விடியற்காலையில் ஆபீஸைத் திறந்து யாருக்கும் தெரியாமல் செய்தார் என்று சாவியை வைத்துப் போட்ட கணக்கு இதோடு தள்ளுபடி. இது ஒன்றை மட்டுமாவது இன்றே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

இனி சி.எஸ்.ஆர்.எஃப். 'வேறு தளத்திலிருந்து வரவைக்கப்படும் போலிக் கோரிக்கை' என்று தமிழில் சொல்லலாம். ஆற்றுப் பாசனத்தில் இருக்கும் உங்களுக்கு அதை விளக்குவது சுலபம். வாய்க்கால் தலைப்பில் ஒரு லஸ்கர், அதாவது ஷட்டரைத் திறந்து மூடுகிறவர், இருக்கிறார். செக்‌ஷன் ஆபீஸிலிருந்து தினமும் ஒரு பையன் அவருக்குச் சீட்டு கொண்டுவருகிறான். இன்றைக்கு ஷட்டரை இவ்வளவு தூக்கு, நாளைக்கு இறக்கு என்று அதில் இருக்கும். பையன் பழகிய முகம். லஸ்கர் முகத்தைப் பார்த்துச் சீட்டை வாங்கிக்கொள்வார், அதன்படி செய்வார். ஒருநாள் வழியில் டீக்கடையில் பையன் நிற்கும்போது எவனோ ஒருவன் அவன் பைக்குள் இன்னொரு சீட்டையும் செருகிவிடுகிறான். பையன் சீட்டுகளைப் படிப்பதில்லை, பையில் இருப்பதைக் கொண்டுபோய்க் கொடுப்பதுதான் அவன் வேலை. லஸ்கரும் தெரிந்த பையன்தானே என்று ஷட்டரைத் தூக்கிவிடுகிறார். கீழே யாருடைய நாற்றங்காலோ மூழ்குகிறது. விசாரணைக்கு வருகிறவர் பதிவேட்டைப் புரட்டினால் 'செக்‌ஷன் ஆபீஸ் உத்தரவுப்படி திறக்கப்பட்டது' என்றுதான் இருக்கும். ஆபீஸில் இருப்பவர் அப்படி ஒரு சீட்டே எழுதவில்லை என்று சத்தியம் செய்தாலும் யார் நம்புவார்கள்?

இதில் பையன்தான் பிரவுசர். பழகிய முகம் குக்கீ, அதாவது லாகின் செய்தபோது உங்கள் தளம் பிரவுசரிடம் கொடுத்து வைத்த அடையாளம். லஸ்கர் அந்த பிளகின். டீக்கடை என்பது அந்தப் பெண் வேறொரு டேபில் திறந்த ஏதோ ஒரு பக்கம். குக்கீயை பிரவுசர் அனுப்பும்போது 'இந்தக் கோரிக்கை எந்தத் தளத்துக்குப் போகிறது' என்றுதான் பல காலமாகப் பார்த்துவந்தது, 'யார் தூண்டி இது போகிறது' என்று பார்க்கவில்லை. அதனால் ஒரு அந்நியப் பக்கம் உங்கள் தளத்தின் முகவரிக்கு ஒரு கோரிக்கையைக் கிளப்பிவிட்டால், அதோடு அந்தப் பெண்ணின் குக்கீயும் தானாகப் போய்ச் சேரும். பாஸ்வேர்டு திருடு போகவில்லை. ஓ.டி.பி. வைத்திருந்தாலும் பயனில்லை, ஏனென்றால் அந்தச் சோதனையெல்லாம் காலையிலேயே முடிந்துவிட்டது. இணைப்பு பாதுகாப்பானது என்று பிரவுசர் காட்டும் பூட்டுப் படமும் இதைத் தடுக்காது, வழியில் எவரும் எதையும் ஒட்டுக் கேட்கவில்லையே. கோரிக்கை கிளம்பிய இடம்தான் போலி. ஐடி, இணைய இணைப்பு, கம்ப்யூட்டர் மூன்றும் அசலாகவே பதிவாகும். 2001ல் பீட்டர் வாட்கின்ஸ் என்பவர் இந்தப் பெயரை வைத்த காலத்திலிருந்து இதன் கொடுமையான பக்கம் இதுதான். ஏமாற்றப்பட்டவரே செய்தவராகப் பதிவேட்டில் நிற்பார்.

உங்கள் படத்தில் நான் இரண்டாவதாகக் கவனித்தது, எனக்கு இதில் மிக முக்கியமாகப் படுவது, அந்த வரி 'கெட்' என்று தொடங்குவது. புதிய ஜிமெயில் முகவரி அந்த வரியிலேயே, யு.ஆர்.எல்.லின் (பக்க முகவரியின்) வாலில் வெளிப்படையாகத் தெரிகிறது. செட்டிங்ஸ் பக்கத்தில் ஒரு பெட்டியில் எழுதி சேவ் பொத்தானை அமுக்கினால் பொதுவாக 'போஸ்ட்' என்றுதான் லாக்கில் விழும், எழுதிய விவரம் அந்த வரியில் தெரியாது. 'கெட்' என்பது ஒரு லிங்க்கைத் தொட்டால் போகிற வகை. இதை நீங்களே சோதிக்கலாம். உங்கள் டெவலப்பரை தளத்துக்கு ஒரு நகல் எடுத்து, அதில் பிளகினின் பழைய பதிப்பை வைத்து, கையால் முகவரியை மாற்றி சேவ் செய்யச் சொல்லுங்கள். பிறகு லாக்கைப் பாருங்கள். 'போஸ்ட்' என்று விழுந்தால், அன்றைக்கு நடந்தது சேவ் பொத்தான் வழியாக நடக்கவில்லை என்பது உறுதியாகிவிடும். வேலை தெரிந்தவர்கூட, பொத்தான் கண்முன்னால் இருக்கும்போது அத்தனை நீள யு.ஆர்.எல்.லைத் தானே கோத்து எழுதித் தன் முதலாளியின் ஈமெயிலை மாற்ற மாட்டார். மாற்றியிருக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. அப்படிச் செய்ய ஒருவருக்கு ஒரு காரணமும் இல்லை என்கிறேன்.

'கெட்' என்பதில் இன்னொரு விஷயமும் அடங்கியிருக்கிறது. பிரவுசர்களெல்லாம் இதைத் தடுத்துவிட்டனவே என்று உங்கள் டெவலப்பர் சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். பாதி சரி. 2020 பிப்ரவரியில் வந்த குரோம் 80லிருந்து, குக்கீயில் தனியாக எதுவும் குறிப்பிடாவிட்டால், வேறு தளம் கிளப்பிவிடும் கோரிக்கைகளோடு அந்தக் குக்கீயை அனுப்பாமல் நிறுத்திக்கொள்ளும் பழக்கம் மெல்ல வந்தது. கொரோனா நேரத்தில் தளங்கள் எதுவும் முடங்கக் கூடாது என்று அந்த ஏப்ரலில் அதை நிறுத்திவைத்து ஜூலையில் மறுபடி தொடங்கினார்கள். அதனால் இந்த வகைத் தாக்குதல் நிறையக் குறைந்தது உண்மை. ஆனால் எல்லா பிரவுசரும் இதை இயல்பாகச் செய்வதில்லை. செய்கிற குரோமும் ஒரு வாசலைத் திறந்தே வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு லிங்க்கைத் தொட்டு முழுப் பக்கமாக இன்னொரு தளத்துக்குப் போகும்போது குக்கீ கூடவே போகும். போகாவிட்டால் ஈமெயிலில் வரும் லிங்க்கைத் தொடும்போதெல்லாம் நீங்கள் திரும்ப லாகின் செய்ய வேண்டியிருக்கும். அந்த வழியாகப் போவது 'கெட்' மட்டும்தான். 'போஸ்ட்'டில் வர வேண்டிய மாற்றத்தை 'கெட்'டில் வந்தாலும் ஏற்றுக்கொள்ளும்படி ஒரு பிளகின் எழுதப்பட்டிருந்தால், பிரவுசர் போட்ட வேலி இருந்தும் இல்லாத மாதிரிதான். பிளகின்கள் எழுதப்படும் மொழியான பி.எச்.பி.யில் இரண்டு வகையையும் ஒரே பெயரில் வாங்கிக்கொள்ளும் வசதி இருக்கிறது. சோம்பலில் அதைப் பயன்படுத்திய பிளகின்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

மூன்றாவது, நீங்கள் போட்ட படம் வலது ஓரத்தில் வெட்டுப்பட்டிருக்கிறது. எனக்கு வேண்டியது அந்த ஓரம்தான். லாக் வரியில் ஐ.பி. (இணைய இணைப்பின் எண்), நேரம், கோரிக்கை, பதில் எண் இவற்றுக்குப் பின்னால் 'ரெஃபரர்' என்று ஒன்று வரும். இந்தக் கோரிக்கை எந்தப் பக்கத்திலிருந்து கிளம்பியது என்பதை பிரவுசர் சொன்ன குறிப்பு அது. அதில் உங்கள் தளத்தின் செட்டிங்ஸ் பக்கமே இருந்தால், யாரோ உள்ளே உட்கார்ந்துதான் மாற்றியிருக்கிறார்கள் என்பதற்குப் பலம் கூடும். (உங்கள் தளத்துக்குள்ளேயே எவராவது தீங்கான ஸ்கிரிப்ட் ஒன்றைப் புகுத்தியிருந்தாலும் அப்படித் தெரியும். அது வேறு நோய்.) வேறொரு தளத்தின் பெயர் இருந்தால் சி.எஸ்.ஆர்.எஃப் என்று ஏறக்குறைய முடிவு கட்டிவிடலாம். இப்போதைய பிரவுசர்கள் தளத்தின் பெயரை மட்டும்தான் சொல்லும், முழுப் பக்க முகவரியைச் சொல்லாது, அதனால் வெறும் டொமைன் பெயர் இருந்தாலே போதும். அந்த இடத்தில் ஒரு சின்னக் கோடு மட்டும் இருந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. புக்மார்க்கிலிருந்து போனாலும் கோடுதான் வரும், தாக்குகிறவர் வேண்டுமென்றே மறைத்தாலும் கோடுதான் வரும். இந்த வரிக்கு முந்தைய வரிகளையும் பாருங்கள். ஒருவர் செட்டிங்ஸை மாற்றும்முன் அந்தப் பக்கத்தைத் திறந்தாக வேண்டும். திறந்ததற்கு ஒரு வரியும், அதோடு சேர்ந்து படங்களும் ஸ்டைல் கோப்புகளும் வந்த வரிகளும் இருக்கும். அவை எதுவும் இல்லாமல் மாற்றம் மட்டும் திடுதிப்பென்று வந்திருந்தால் அதுவும் ஒரு சாட்சி. டேப் காலையிலிருந்தே திறந்து கிடந்திருக்கலாம் என்பதால் இதைத் தனியாக நம்ப வேண்டாம், மற்றவற்றோடு சேர்த்துப் பாருங்கள்.

இதற்கெல்லாம் முன்னால் அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது. "நீ மாத்துனியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். அதற்கு இல்லை என்பதைத் தவிர அவரால் வேறென்ன சொல்ல முடியும்? அதற்குப் பதிலாக, "ஏம்மா, அன்னைக்கு ஏதாவது லிங்க்கைத் தொட்டப்ப நம்ம தளத்தோட உள்பக்கம் தானா தொறந்துச்சாம்மா?" என்று கேளுங்கள். 'கெட்' வழியாக வந்திருந்தால் அவர் திரையில் செட்டிங்ஸ் பக்கம் ஒரு கணமாவது திடீரென்று தோன்றியிருக்க வாய்ப்பு அதிகம். ஈமெயிலிலோ வாட்ஸ்அப் வெப்பிலோ விதைநெல் விசாரித்து வந்த செய்தியில் 'எங்களுக்கு வேண்டிய ரகங்களின் பட்டியல் இங்கே' என்று ஒரு லிங்க் இருந்திருக்கும், தொட்டதும் சம்பந்தமே இல்லாமல் நம் டேஷ்போர்டு வந்திருக்கும், கைதவறி எதையோ அமுக்கிவிட்டோம் என்று அவர் மூடியிருப்பார். இது என் ஊகம்தான். ஆனால் சரிபார்க்கக்கூடிய ஊகம். அந்த கம்ப்யூட்டரின் பிரவுசர் ஹிஸ்டரியில் அந்தத் தேதிக்குப் போய் 11:40ஐ ஒட்டிப் பாருங்கள். இப்போதைக்கு எவரும் ஹிஸ்டரியை அழித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டே பாருங்கள்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. சில வருஷங்களுக்கு முன் குத்துவிளக்கு விற்கும் ஒரு கடையின் தளத்தில் இதே மாதிரி நடந்தது. கார்த்திகைக்கு முந்தைய வாரங்கள், வெளியூர் ஆர்டர் குவிகிற சமயம். ஆர்டர் ஒன்றும் வரவில்லையே என்று முதலாளி கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன், ஐடி கடைப்பையனுடையது, ஐ.பி. கடையினுடையது. "உங்க ஆளு ஐடியிலதான் மாத்தியிருக்குண்ணே" என்று நான்தான் சொன்னேன். நான் சொன்னதில் எழுத்துக்கு எழுத்து பொய் இல்லை. ஆனால் அந்தப் பையன் அன்றைக்கே நிறுத்தப்பட்டான். இரண்டு மாதம் கழித்து அந்த பிளகினுக்கு ஒரு அப்டேட் வந்தது, உங்களுக்கு வந்த அதே வரியோடு. எடுத்து வைத்திருந்த லாக்கைத் திரும்பத் திறந்தேன். ரெஃபரர் இடத்தில் நாங்கள் கேள்விப்பட்டே இராத ஒரு தளத்தின் பெயர் இருந்தது. முதல் நாளே அது அங்கேதான் இருந்திருக்கிறது, நான்தான் வரியைக் கடைசிவரை படிக்கவில்லை. முதலாளியிடம் சொன்னேன், அவரும் பையன் வீட்டுக்குப் போய்ப் பேசினார். அவன் அதற்குள் திருப்பூர் போயிருந்தான். அந்த வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது. உங்கள் படத்தைப் பார்த்ததும் வலது ஓரத்துக்கு என் கண் போனது அதனால்தான்.

சந்தேகமான பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். பிளகினில் சி.எஸ்.ஆர்.எஃப் ஓட்டை இருந்தது என்பது நிச்சயம், எழுதியவர்களே ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். உங்களுக்கு நடந்தது அதன் வழியாகத்தான் என்பது இன்னும் நிரூபணமாகவில்லை. உடைபட்ட தளம் என்று என் கைக்கு வருகிறவற்றில் பெரும்பாலானவை திருட்டு பாஸ்வேர்டாலோ, லாகினே தேவைப்படாத வேறு வகை ஓட்டையாலோ உடைந்தவை. காரணம் எளிது. சி.எஸ்.ஆர்.எஃப் நடக்க லாகின் ஆன ஒருவர் சரியான நேரத்தில் சரியான லிங்க்கைத் தொட வேண்டும். ஆயிரக்கணக்கான தளங்களைக் கண்ணை மூடிக்கொண்டு தாக்குகிறவனுக்கு அது வசதிப்படாது. ஆனால் உங்கள் விஷயத்தில் மாறியது ஆர்டர் போகிற முகவரி, அதாவது உங்கள் வாடிக்கையாளர்களின் பெயரும் போன் எண்ணும். அதை விரும்புகிறவன் உங்களைக் குறிவைத்தே வந்திருப்பான். எந்த பிளகின், எந்தப் பதிப்பு என்பதைப் பெரும்பாலும் வெளியிலிருந்தே பக்கத்தின் மூல நிரலில் படித்துவிடலாம். பாஸ்வேர்டு திருட்டாக இருந்தால் ஐ.பி. வெளியூருடையதாக இருந்திருக்கும், லாகின் ஆன பதிவும் தனியாக இருந்திருக்கும். ஆபீஸ் ஐ.பி. என்பதால் அந்த வாய்ப்பு குறைகிறது, ஒழியவில்லை. ஆபீஸ் வைஃபை பாஸ்வேர்டு சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறதா? அந்த ஐடியை வேறு எவரும் பயன்படுத்துகிறார்களா? வேறு எவரிடமாவது முன்பு இருந்ததா? இவற்றுக்குப் பதில் உங்களிடம்தான் இருக்கிறது.

பாதிப்பின் தீவிரம் பத்துக்கு 'மீடியம், 4.3' என்று போட்டிருப்பதால் பெரிய விஷயம் இல்லை என்று டெவலப்பர் சொன்னதை நான் ஏற்கவில்லை. 4.3 என்பது சி.எஸ்.ஆர்.எஃப்-க்கு வழக்கமாகக் கிடைக்கும் மதிப்பெண். ஒருவர் லிங்க்கைத் தொட வேண்டும் என்பதாலும், ரகசியம் எதுவும் நேரடியாக வெளியே போகவில்லை, ஏதோ ஒரு அமைப்பு கொஞ்சம் மாறுகிறது என்று கணக்கிடுவதாலும் அது கிடைக்கிறது. அந்த அமைப்பு உங்கள் பிழைப்பையே சுமக்கிறதா என்பது மதிப்பெண் போடுகிறவருக்குத் தெரியாது. இதே வகை ஓட்டை இருக்கிற இடத்தைப் பொறுத்து விபரீதமாகவும் ஆகும். 2020 ஜனவரியில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தளங்களில் இருந்த கோட் ஸ்னிப்பெட்ஸ் என்ற பிளகினில் சி.எஸ்.ஆர்.எஃப் கண்டுபிடிக்கப்பட்டது. அட்மினை ஒரு லிங்க்கைத் தொட வைத்தால் தாக்குகிறவரின் நிரலையே தளத்தில் ஓட விடலாம், தளம் முழுவதும் அவர் கைக்குப் போய்விடும் என்ற நிலை. வேர்ட்பிரஸின் மூல மென்பொருளிலேயே, கமெண்ட் பகுதியில், இதே குறை ஒன்று இருந்து 2019 மார்ச்சில் 5.1.1 பதிப்பில்தான் அடைக்கப்பட்டது. வெப் பாதுகாப்புக்காக ஓவாஸ்ப் அமைப்பு வெளியிடும் முதல் பத்து ஆபத்துகளின் பட்டியலிலிருந்து சி.எஸ்.ஆர்.எஃப் 2017ல் நீங்கிவிட்டது என்பதும் சரியே. பெரிய ஃபிரேம்வொர்க்குகளில், அதாவது தளம் கட்டுவதற்கான ஆயத்த அடித்தளங்களில், தடுப்பு தானாகவே இருப்பதால் நீங்கியது. பிளகின் எழுதுகிறவர் வேர்ட்பிரஸ் கொடுக்கும் தடுப்பைத் தானே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டும். மறந்தால் இல்லை, அவ்வளவுதான்.

அந்தத் தடுப்பு என்ன என்பதை உங்கள் டெவலப்பருக்காகக் கொஞ்சம் எழுதுகிறேன். நேரடி நெல் கொள்முதல் நிலையத்தில் டோக்கன் கொடுப்பது உங்களுக்குத் தெரியும். உங்கள் பெயருக்கு, உங்கள் நாளுக்கு, நிலையமே கொடுத்தது. மூட்டையை எடைபோடும் இடத்தில் அதைக் காட்ட வேண்டும். உங்கள் பெயரும் சர்வே எண்ணும் தெரிந்த எவனும் அந்த டோக்கனைக் கொண்டுவர முடியாது. வேர்ட்பிரஸில் 2006லேயே வந்த 'நான்ஸ்' என்பது இதுதான். செட்டிங்ஸ் பக்கம் திறக்கும்போது ஃபார்முக்குள் கண்ணுக்குத் தெரியாமல் பத்து எழுத்தில் ஒரு குறியீடு வைக்கப்படும். அது அந்த ஆளுக்கும், அந்த லாகினுக்கும், அந்தச் செயலுக்கும் உரியது, அதிகபட்சம் 24 மணி நேரம் செல்லும். சேவ் செய்யும்போது அது திரும்பி வருகிறதா என்று பார்க்க வேண்டும். வேறு தளத்துப் பக்கம் உங்கள் தளத்துக்குக் கோரிக்கையைக் கிளப்பிவிடலாமே தவிர உங்கள் பக்கத்தின் உள்ளே இருப்பதைப் படிக்க பிரவுசர் விடாது. அதனால் குறியீட்டைத் தெரிந்துகொள்ள அதற்கு வழியில்லை. டீக்கடைக்காரனால் சீட்டு எழுத முடியும், முத்திரை போட முடியாது.

நான்ஸ் இருந்தும் கோட்டை விடுகிற பிளகின்கள் உண்டு. நான் அடிக்கடி காணும் தவறு இது. 'குறியீடு வந்திருந்து, அது தப்பாக இருந்தால் நிறுத்து' என்று எழுதியிருப்பார்கள். குறியீடே வராவிட்டால்? நிபந்தனையின் முதல் பாதியே பொய்யாகிவிடும், நிறுத்தம் நடக்காது, கோரிக்கை சுகமாக உள்ளே போய்விடும். டோக்கன் காட்டினால் சரிபார்த்து, காட்டாதவனை அப்படியே எடைமேடைக்கு விடும் எழுத்தர் மாதிரி. குறியீடு இல்லாவிட்டாலும் நிறுத்த வேண்டும். இன்னொன்று, நான்ஸ் சரியாக இருப்பது அந்த ஆளுக்கு உரிமை இருக்கிறது என்பதற்குச் சான்று ஆகாது, உரிமையைத் தனியாகச் சோதிக்க வேண்டும். வேர்ட்பிரஸில் 'ஈஸ் அட்மின்' என்று ஒரு சோதனை இருக்கிறது. பெயரைப் பார்த்து ஆள் அட்மினா என்று பார்ப்பதாக நினைத்துவிடுகிறார்கள். அது பார்ப்பது கோரிக்கை அட்மின் பகுதிக்கு வந்ததா என்பதை மட்டும்தான்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. எல்லாவற்றுக்கும் முன்னால், இன்றே ஹோஸ்டிங் பேனலில் போய் மூல லாக்கை முழுவதுமாக இறக்கி ஒரு பென் டிரைவில் வையுங்கள். விலை மலிவான ஹோஸ்டிங்கில் அவை சில நாட்களிலோ மாதக் கடைசியிலோ தானாக அழிந்துவிடும், பிறகு அந்தப் பெண் பக்கம் பேச ஒன்றும் இருக்காது. அதன் பின் பிளகினை அப்டேட் செய்யுங்கள். அப்டேட் வந்திருப்பதால் தூக்கி எறிய வேண்டிய அவசியம் இல்லை, தவறை ஒப்புக்கொண்டு திருத்துகிறவரை நான் நம்புவேன். வருஷக்கணக்காக அப்டேட்டே வராத பிளகின் வேறு ஏதாவது உங்கள் தளத்தில் கிடந்தால் அதைத்தான் தூக்க வேண்டும். வேர்ட்பிரஸ் களஞ்சியத்திலிருந்து ஒரு பிளகினை நீக்கிவிட்டாலும் உங்கள் டேஷ்போர்டு அதைச் சொல்லாது, நீங்களாகப் போய்ப் பார்த்தால்தான் உண்டு. பாஸ்வேர்டை மாற்றுங்கள், பழைய லாகின்கள் எல்லாம் அறுந்துபோகும், பாஸ்வேர்டு திருட்டாக இருந்தாலும் அது அடைபடும். சி.எஸ்.ஆர்.எஃப்-ஐ மட்டும் அது தடுக்காது, புது பாஸ்வேர்டில் லாகின் ஆனவரின் பிரவுசரையும் அதே மாதிரி ஏமாற்றலாம்.

அந்த ஒரு முகவரியைத் திருத்தியதோடு நிற்காதீர்கள். யூசர் பட்டியலில் தெரியாத அட்மின் யாராவது இருக்கிறாரா, 'யாரும் பதிவுசெய்யலாம்' என்ற அமைப்பு திறந்திருக்கிறதா என்று பாருங்கள். முக்கியமாக, பணம் அனுப்ப நீங்கள் பக்கத்தில் போட்டிருக்கும் ஜிபே எண், கியூ.ஆர். படம், வங்கிக் கணக்கு எண் மூன்றையும் எழுத்து எழுத்தாகச் சரிபார்த்துவிடுங்கள், கியூ.ஆரை உங்கள் போனிலேயே ஸ்கேன் செய்து யார் பெயர் வருகிறது என்று பாருங்கள். 12 நாளில் ஆர்டர் கொடுத்தவர்களை உங்களால் இப்போது தெரிந்துகொள்ள முடியாது, அதனால் தளத்தின் முகப்பிலும் வாட்ஸ்அப் குழுவிலும் ஒரு அறிவிப்புப் போடுங்கள். எவரிடமாவது வேறொருவர் உங்கள் பெயரில் பணம் வாங்கியிருந்தால் தாமதிக்காமல் 1930க்குப் போன் செய்யச் சொல்லுங்கள்.

இனிமேலுக்கு, ஆர்டர் பார்க்க மட்டும் உரிமை உள்ள ஐடியை ஆபீஸுக்குக் கொடுங்கள். இப்போது அவருடையது முழு அட்மின் ஐடி என்று உங்கள் இரண்டாவது படத்தில் தெரிகிறது. ஏமாற்றப்படுகிறவருக்கு எவ்வளவு அதிகாரமோ அவ்வளவுதான் சி.எஸ்.ஆர்.எஃப்-க்கும் அதிகாரம். டேஷ்போர்டுக்கென்று தனி பிரவுசர் ஒன்றை வைத்து, ஈமெயிலும் வாட்ஸ்அப்பும் வேறு பிரவுசரில் பார்க்கச் சொல்லுங்கள், ஒன்றின் குக்கீ மற்றதற்குப் போகாது. லாகின் பக்கத்தில் 'ரிமெம்பர் மீ'யை டிக் செய்ய வேண்டாம். செய்தால் 14 நாள் உள்ளேயே இருப்பீர்கள், செய்யாவிட்டால் அதிகபட்சம் 2 நாள்தான்.

அந்த லாக் வரியின் வலது ஓரத்தையும், அதற்கு முந்தைய இருபது வரிகளையும் போடுங்கள். ஐ.பி.யையும் ஈமெயில் முகவரிகளையும் மறைத்துவிட்டுப் போடுங்கள், எனக்கு அவை வேண்டாம். நாளைக் காலைக்குள் படித்துச் சொல்கிறேன். அதற்குள் அந்தப் பெண்ணைக் கூப்பிட்டு 6:10 என்பது 11:40 என்ற விஷயத்தைச் சொல்லிவிட்டீர்களா என்பதையும் ஒரு வரி எழுதுங்கள்.